இந்த மீனை விடமாட்டன்

நிக்கலஸ்: கை... கை! அவ்வளவு மேல தூக்காதையும் டோறின்.

டோறின்: மெதுவாக் கதையுங்கோப்பா. மீன் ஓடப்போகுது.

நிக்கலஸ்: ஓடினா ஓடட்டும். தோளுக்கு மேல தூக்கக்கூடாதெண்டு நேர்ஸ் சொன்னவவெல்லோ?

டோறின்: அது ஒப்பரேசன் முடிஞ்ச கையோட சொன்னது. இப்ப நல்லாத் தூக்கச் சொல்லித்தான் சொல்லுறா. மார்பிலை ஒப்பரேசன் செய்த பொம்பிளையளுக்குத் தூண்டில் வீசிப் பழகினா கை இறுகாதாம் எண்டு அவதானே என்னை இந்த வகுப்பிலை சேர்த்துவிட்டவ. நீங்களும் பக்கத்திலை இருந்து தலையாட்டினனீங்கள்.

நிக்கலஸ்: தலையாட்டினனான்தான். ஒரு மண்டபத்துக்குள்ள வைச்சுத் தடியை ஆட்டப் பழக்குவினம் எண்டு நினைச்சன். இப்பிடி ஹூனுவாக் காட்டுக்குள்ள, இடுப்பளவு தண்ணியிலை கொண்டுவந்து நிப்பாட்டுவினம் எண்டு ஆர் கண்டது?

டோறின்: முழங்காலளவு தண்ணி.

நிக்கலஸ்: எனக்கு இடுப்பு குளிருது.

டோறின்: நீங்கள் குழிக்குள்ள நிக்கிறியள். இஞ்சால வாங்கோ... மெல்ல... கல்லு வழுக்கும்.

நிக்கலஸ்: கல்லைப் பற்றி எனக்குச் சொல்லாதையும். நான் மன்னாரான்.

டோறின்: ஓம், மன்னாரான். முதல்நாள் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்கி, போன வேகத்திலை கரைக்கு ஓடிவந்த மன்னாரான்.

நிக்கலஸ்: அது தண்ணியே டோறின்? ஐஸ். எல்லாரும் ரப்பர் காற்சட்டையோட நிண்டது ஏனெண்டு பிறகுதான் விளங்கினது. சரி, வீசும். மணிக்கூடு மாதிரி எண்டு வகுப்பிலை பழக்கிற அந்த மனுசி சொன்னவ. பின்னுக்குப் பத்து மணி...

டோறின்: முன்னுக்குப் பத்து. பின்னுக்கு ரெண்டு.

நிக்கலஸ்: நான் அங்கால நிண்டு பாக்கிறன். எனக்கு மாறித் தெரியும்.

டோறின்: சும்மா நில்லுங்கோ. பத்து... ரெண்டு... பத்து... இப்ப பாருங்கோ. எப்பிடிப் போய் விழுந்தது?

நிக்கலஸ்: நல்லாத்தான் விழுந்தது.

டோறின்: நல்லாத்தான் எண்டா?

நிக்கலஸ்: நல்லா விழுந்தது தாயே! பூவாட்டம் விழுந்தது. சந்தோசமோ?

டோறின்: நீங்கள் வீசினா வீச்சுவலை எறிஞ்ச மாதிரி ஆறே கலங்கும்.

நிக்கலஸ்: கடல் வேற, இது வேற. கடலிலை வலையைப் போட்டா மீன் வரும். இஞ்ச மீனுக்கு முன்னால நாங்கள் நாடகம் போட வேணும். கோழி இறகையும் முயல் மயிரையும் நூலாலை கட்டி, இதுதான் பூச்சி, நம்பு ராசா எண்டு கெஞ்ச வேணும்.

டோறின்: நீங்கள் கட்டின பூச்சியைப் பற்றிக் கதைப்பமோ?

நிக்கலஸ்: வேண்டாம்.

டோறின்: காஞ்ச றால்!

நிக்கலஸ்: ஒரு சின்ன றால்.

டோறின்: பொய்ப்பூச்சி மட்டும்தான் போடலாம் எண்டு அவ்வளவு பெரிய போர்ட் நிக்குது. அதுக்குக் கீழ நிண்டுகொண்டு, இறகுக்குள்ள காஞ்ச றாலை ஒளிச்சுக் கட்டி...

நிக்கலஸ்: மீன் பாவம். வெறும் மயிரைக் கடிச்சு ஏமாறுது. ஒரு ருசிக்கு வைச்சன்.

டோறின்: வகுப்பு மனுசி மணந்துபோட்டு, என்ன மணம் நிக் எண்டு கேக்க, என்ர ஜாக்கெட் எண்டியள்.

நிக்கலஸ்: ஜாக்கெட்டும் மணந்ததுதான். பொய் சொல்லேல்லை.

டோறின்: எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை. எங்கட வகுப்பு ராகவி சிரிச்சுச் சிரிச்சுத் தண்ணிக்குள்ள இருந்திட்டா.

நிக்கலஸ்: நாலு பொம்பிளையள் சிரிச்சவைதானே? வருத்தக்காறர் வகுப்பெண்டு மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டவை. புண்ணியம் எனக்குத்தான்... ஆ, ஹலோ! குட் மோர்னிங்! நோ நோ, இன்னும் ஒண்டும்... நொட் யெட்! நைஸ் டோக்!

டோறின்: ஆரது?

நிக்கலஸ்: ஒரு கிழவர், நாயோட. ஏதாவது பிடிபட்டதோ எண்டு கேக்கிறார். இந்த நாட்டிலை தெரியாத மனுசன்கூட மீனைப் பற்றி அக்கறையா விசாரிக்கும்.

டோறின்: நீங்கள் கத்தின கத்திலை இனி எங்க பிடிபடுறது?

நிக்கலஸ்: டோறின்.

டோறின்: ம்.

நிக்கலஸ்: கிரேலிங் எண்டொரு மீனைப் பற்றி அந்த மனுசி சொன்னவ, கேட்டனீரோ? இங்கிலாந்திலை, நாங்கள் பிடிக்கிற இந்த ட்ரவுட்டோட சேர்த்து அதையும் பிடிப்பினமாம். இஞ்சையும் அந்தப் பேரிலை ஒரு மீன் முந்தி ஆறு நிறைய இருந்ததாம். இப்ப தேடினாலும் ஒண்டில்லையாம்.

டோறின்: ஓம், சொன்னவ.

நிக்கலஸ்: அவ்வளவும் இருந்தது எப்பிடியப்பா இல்லாமல் போகும்? ஒருத்தரும் கவனிக்கேல்லையோ? கவனிச்சிருந்தா...

டோறின்: நீங்கள் இப்ப மீனைப் பற்றித்தான் கதைக்கிறியளோ?

நிக்கலஸ்: வேற என்னத்தைப் பற்றி? மீனைப் பற்றித்தான்... உம்மட போன் எங்க?

டோறின்: காருக்குள்ள.

நிக்கலஸ்: காருக்குள்ளயோ! ஏன் அங்க வைச்சனீர்? கிளினிக்காலை எடுத்தா?

டோறின்: சனிக்கிழமை ஆர் எடுக்கிறது?

நிக்கலஸ்: ஸ்கான் ரிசல்ற் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுவம் எண்டவையெல்லோ? வெள்ளி போட்டுது.

டோறின்: ஓம். போட்டுது.

நிக்கலஸ்: நேற்று நான் வேலையால வந்து கேப்பம் எண்டா நீர் நல்ல நித்திரை. எழுப்ப மனம் வரேல்லை.

டோறின்: ம்ம்.

நிக்கலஸ்: காலமை கேப்பம் எண்டா, நான் பல்லு மினுக்க முதல் நீர் காருக்குள்ள ஏறி இருக்கிறீர். மனுரேவா தாண்டும்வரைக்கும் ஒரே பாட்டு. நான் வாயைத் திறக்கேக்க எல்லாம் பாட்டைக் கூட்டுறீர்.

டோறின்: நல்ல பாட்டுகள்.

நிக்கலஸ்: திங்கக்கிழமையும் அவை எடுக்கேல்லை எண்டா, நான் நேர போய் அங்க குந்திறன்.

டோறின்: குந்துங்கோ. இப்ப அந்தக் கல்லுக்குப் பின்னால பாருங்கோ, தண்ணி சுழண்டு நிக்குது. அதுக்குள்ள ஒராள் நிக்கிறார்.

நிக்கலஸ்: உமக்கு மீன் ஒராளாப் போச்சு. எனக்கு நெஞ்சு இடிக்குது, நீர் என்னெண்டா...

டோறின்: எனக்கும் இடிச்சதுதான்ப்பா. நெடுக இடிச்சுக்கொண்டிருக்கேலாதெல்லே. பத்து... ரெண்டு...

நிக்கலஸ்: அது சரி. சூப்பவைசர் நேற்றும் கேட்டவன். பஸ் ஆறேழு கழட்டினபடி நிக்குதாம், சனிக்கிழமை திருத்த ஆளில்லையாம். எப்ப சனி வேலைக்குத் திரும்பி வாறாய் நிக் எண்டான். மனுசியின்ர ரிசல்ற் நல்லா வந்தா அடுத்த சனியே டிப்போவிலை நிப்பன் எண்டு சொல்லிப்போட்டன்.

டோறின்: ...அப்ப இஞ்ச?

நிக்கலஸ்: ராகவியோட வாரும். அவ நல்லாக் கார் ஓடுவா.

டோறின்: ஓம்... அவ நல்லாத்தான் ஓடுவா.

நிக்கலஸ்: என்ன குரல் ஒரு மாதிரி?

டோறின்: குளிர்.

நிக்கலஸ்: நான் ஏன் டோறின் இஞ்ச? மீன் பிடிக்கவும் தெரியாது. பிடிபடுற மீனைக் கோலுற வலையைத் தூக்கிக்கொண்டு பூசைக்கு உதவி செய்யிற பெடியன் மாதிரி நிக்கிறன்.

டோறின்: நீங்கள் நிக்கிறதுதான் எனக்கு வேணும்.

நிக்கலஸ்: சும்மா நிக்கிறதோ?

டோறின்: சும்மா நிக்கிறது. சும்மா கதைக்கிறது. கடன்பட்டு வீடு வாங்கின நாளிலையிருந்து எந்தச் சனிக்கிழமை நீங்கள் என்னோட நிண்டனீங்கள்? கதையெண்டா என்ன கதை? குப்பைவாளி வெளியில வைச்சாச்சோ. பிள்ளை ஜெசிக்காவை ஆர் ஏத்துறது. கரண்ட் பில் வந்ததோ.

நிக்கலஸ்: அதுகளும் கதைதானே.

டோறின்: கதைதான். ஆனா இந்த ஆத்துக்கு வந்த பிறகுதான், நீங்கள் சின்னனிலை பூசைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் படம் பாக்கப்போய் அடி வாங்கின கதையே எனக்குத் தெரியும். இவ்வளவு காலம் கட்டி வாழ்ந்து... ஐயோ!

நிக்கலஸ்: என்ன? கையோ?

டோறின்: மீன்! கொழுவியிட்டுது!

நிக்கலஸ்: எங்க? எங்கையப்பா?

டோறின்: அந்தா பாயுது! பாத்தியளோ?

நிக்கலஸ்: என்ர மாதாவே! பெரிசு! இழும்... இல்லை, இழுக்காதையும்! நூலை விடும்! விடாதையும்!

டோறின்: ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ!

நிக்கலஸ்: அது ஓடேக்க விடும், நிக்கேக்க சுத்தும்! தடியை நிமித்தும்... கை நோகுதோ?

டோறின்: நோகுது.

நிக்கலஸ்: அப்ப தாரும் இஞ்ச, நான்...

டோறின்: தொடாதையுங்கோ! நோகட்டும். என்ர கைதானே. இவ்வளவு நாளும் இது வேற ஆரின்ரையோ கை மாதிரிக் கிடந்தது... விடுங்கோ, நான் பாக்கிறன்.

நிக்கலஸ்: சரி சரி. தொடேல்லை. அழுறீரோ?

டோறின்: தண்ணி தெறிச்சது. வலையோட கீழால வாங்கோ! அங்கால இல்லை, கீழால!

நிக்கலஸ்: வாறன்... வாறன்... இந்தக் கல்லு... ஆ!

டோறின்: ஐயோ, இஞ்சருங்கோ! எங்க நீங்கள்?

நிக்கலஸ்: இருக்கிறன்.

டோறின்: எங்க?

நிக்கலஸ்: தண்ணிக்குள்ள இருக்கிறன். என்னைப் பாக்காதையும், மீனைப் பாரும்! இஞ்சால கொண்டு வாரும். தலையைத் தூக்கி... இன்னும்... இன்னும் கொஞ்சம்... வா ராசா, வா...

டோறின்: வலையைத் தாட்டுப் பிடியுங்கோ!

நிக்கலஸ்: பிடிச்சிட்டன்! டோறின், பிடிச்சிட்டன்! உள்ளுக்கு இருக்குது!

டோறின்: உள்ளுக்கோ? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ!

நிக்கலஸ்: உள்ளுக்குத்தான். அம்மாடி... முதுகெல்லாம் புள்ளி. பக்கத்தாலை ரோசாக் கோடு, சாயம் பூசின மாதிரி. இப்பிடி ஒண்டை நாங்கள் இன்னும் பிடிக்கேல்லை.

டோறின்: நாங்களோ?

நிக்கலஸ்: நீர். நீர்தான். நான் ஈரம் மட்டும்... நல்ல மீன் டோறின். கெட்டிக்காறி நீர். சரி, தலையைத் தண்ணிக்குள்ள வைச்சிருப்பம். கொளுக்கியைக் கழட்டி மெல்ல விடுவம்.

டோறின்: இல்லை.

நிக்கலஸ்: என்ன இல்லை?

டோறின்: இந்த மீனை விடமாட்டன்.

நிக்கலஸ்: என்னப்பா இது புதுக்கதை? பிடிக்கிறதை எல்லாம் விடுறதுதானே எங்கட பழக்கம்?

டோறின்: உங்கட பழக்கம். நான் பிடிக்கிறதை எல்லாம் நீங்கள்தான் விடச் சொல்லுறனீங்கள்.

நிக்கலஸ்: சட்டமெண்டு ஒண்டு இருக்குதெல்லே...

டோறின்: லைசென்ஸ் எடுத்திருக்கிறன். ஒண்டு கொண்டுபோகலாம். வகுப்பு மனுசியிட்டைக் கேட்டனான்.

நிக்கலஸ்: சின்ன மீன்.

டோறின்: இப்பதான் பெரிசு பெரிசு எண்டு கத்தினனீங்கள்.

நிக்கலஸ்: தண்ணிக்குள்ள பெரிசாத் தெரியும். பாவம், வயித்திலை முட்டை இருக்கும்.

டோறின்: இது ஆண். கீழ்த்தாடை கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்குது, பாருங்கோ. நீங்கள்தானே எனக்குக் காட்டித் தந்தனீங்கள்.

நிக்கலஸ்: ஏன் காட்டித் தந்தன்... ஆத்து மீன் சேறு மணக்கும் டோறின்.

டோறின்: அடியிலை கிடக்கிற கல்லெல்லாம் தெரியுது. எங்கையிருக்குது சேறு?

நிக்கலஸ்: ஆசையெண்டா சொல்லும், போற வழியிலை கடையிலை வாங்குவம்.

டோறின்: ட்ரவுட் கடையிலை வாங்கேலாது. இந்த நாட்டிலை அதை விக்கவே கூடாது. அதையும் எனக்குச் சொன்னது நீங்கள்தான்.

நிக்கலஸ்: நான் கனக்கக் கதைச்சிட்டன் போல இருக்கு... வீட்டிலை தேங்காய்ப்பாலும் முடிஞ்சுது.

டோறின்: குழம்பு வேண்டாம். பொரிப்பம். காருக்குள்ள தாச்சி இருக்குது.

நிக்கலஸ்: என்ன இருக்குது?

டோறின்: தாச்சி. எண்ணெய். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு. தேசிக்காயும் ரெண்டு. சின்ன காஸ் அடுப்பு.

நிக்கலஸ்: ஒவ்வொரு சனியும் பாணும் பட்டரும்தானே கொண்டு வருவம்? இண்டைக்கு என்ன அடுப்பு?

டோறின்: அதைப் பிறகு சொல்லுறன். முதல் நீங்கள் சொல்லுங்கோ. ஏன் நீங்கள் மீன் சாப்பிடுறேல்லை?

நிக்கலஸ்: ஆர்? நானோ?

டோறின்: நீங்கள்தான். வலையை ஆட்டாதையுங்கோ, அது வெருளுது.

நிக்கலஸ்: கொலஸ்ட்ரோல் எண்டு சொன்னனான்தானே.

டோறின்: கொலஸ்ட்ரோலுக்கு மீன் நல்லதெண்டு டொக்டர் சொல்லேக்க நானும் பக்கத்திலை இருந்தனான். தவராசா அண்ணை வீட்டிலை விளைமீன் குழம்பு. மூக்கை அங்கால திருப்பிக்கொண்டு பருப்பையும் சோத்தையும் திண்டியள். வயிறு சரியில்லையாம். வீட்டை வந்து மூண்டு மாம்பழம் சாப்பிட்டியள்.

நிக்கலஸ்: மாம்பழம் வயித்துக்கு நல்லது.

டோறின்: ஜெசிக்கா மவுண்ட் ஆல்பர்ட்டிலை ரென்ற்றுக்கு வீடு எடுத்துப் போய், தன்ர கையாலை முதன்முதல் மீன்குழம்பு வைச்சது. உங்களுக்கெண்டுதான் வைச்சது. நீங்கள் தொடவேயில்லை. பிள்ளை அழுதது தெரியுமோ?

நிக்கலஸ்: அழுததோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?

டோறின்: அப்பாவுக்கு மை குக்கிங் பிடிக்கேல்லை எண்டு போனிலை ஒரே அழுகை.

நிக்கலஸ்: ஐயோ... என்ன மணம் மணந்தது அந்தக் குழம்பு. வெந்தயம் போட்டு... பிள்ளையிட்டைச் சொல்லும், அப்பாவுக்குச் சரியான விருப்பம் எண்டு.

டோறின்: விருப்பமெண்டா ஏன் தின்னேல்லை? இன்னும் கேளுங்கோ. நான் உங்களுக்கு வேலைக்குக் கட்டித் தாற மீன் கட்லட் எங்க போகுது?

நிக்கலஸ்: எங்க போறது? வயித்துக்குள்ளதான்.

டோறின்: ஆரின்ர வயித்துக்குள்ள? உங்களோட வேலை செய்யிற ஏரம்பமூர்த்தியின்ர மனுசி என்னைச் சந்தையிலை கண்டு, அக்கா உங்கட கட்லட் நல்ல உருசி, அவருக்கு இப்ப என்ர சமையலே பிடிக்குதில்லை எண்டு கையைப் பிடிச்சு நன்றி சொல்லுறா.

நிக்கலஸ்: அந்த மூர்த்தியிட்டை வீட்டிலை மூச்சும் விடாதை எண்டு சொன்னனான்!

டோறின்: அப்ப சொல்லாதை எண்டு சொல்லித்தான் குடுத்தனீங்கள். ஏனெண்டு சொல்லுங்கோப்பா.

நிக்கலஸ்: சொல்லக்கூடாது டோறின். வெளியில சொன்னாப் பலிக்காது.

டோறின்: நேர்த்தியோ?

நிக்கலஸ்: பாத்தீரோ, சொல்ல வைச்சிட்டீர்.

டோறின்: நேர்த்திதான் எண்டு நினைச்சன். உங்கட வாயாலை கேக்க வேணும்போல இருந்தது. எப்ப வைச்சனீங்கள்?

நிக்கலஸ்: உம்மை ஒப்பரேசனுக்கு உள்ளுக்குக் கொண்டுபோன அண்டைக்கு. கார் விட இடமில்லாமல் ஆஸ்பத்திரியைச் சுத்திச் சுத்தி ஓடினன். பிறகு ஒரு இடம் கிடைச்சுது. கிடைச்சும் இறங்க ஏலேல்லை. ஸ்டியறிங்கைப் பிடிச்சபடி மடு மாதாட்டைக் கேட்டன். சும்மா கேக்கேலாதுதானே, எதையாவது விட வேணும். குடி என்னட்டை இல்லை. சிகரெட்டை ஜெசிக்கா பிறக்க முதலே விட்டாச்சு. யோசிச்சு யோசிச்சுப் பாத்தன் டோறின்... விடுறதுக்கு என்னட்டை மீனைத் தவிர வேற ஒண்டுமே இருக்கேல்லை.

டோறின்: சோத்தை விட்டிருக்கலாமே.

நிக்கலஸ்: சோத்தை விட்டா நீர் அண்டைக்கே கண்டுபிடிச்சிருப்பீர்.

டோறின்: விசர் மனுசன். இவ்வளவு காலமா மீனில்லாமல்... மீன் தின்னாமல் ஒரு நாள் இருக்க மாட்டியளே. இதிலை கிழமைக்குக் கிழமை என்னோட வந்து, நான் பிடிக்கப் பிடிக்கக் கையாலை தூக்கி, கையாலையே விட்டு... எப்பிடியப்பா பொறுத்தனீங்கள்?

நிக்கலஸ்: நீர் என்ன பெரிசாப் பிடிச்சுத் தள்ளினனீரே? எல்லாமா மூண்டு மீன்.

டோறின்: பகிடி விடாதையுங்கோ. சரியாப் பயந்தனீங்களோ?

நிக்கலஸ்: ஓம். பயம்தான். இப்பவும் பயம்தான். உமக்குக் காட்டக்கூடாதெண்டுதான் இவ்வளவு கதை அலம்புறன்.

டோறின்: எனக்குத் தெரியாதோ? பாத்றூமிலை தண்ணியைத் திறந்துவிட்டிட்டு உள்ளுக்கு நிண்டு...

நிக்கலஸ்: அது முகம் கழுவினது.

டோறின்: அவ்வளவு நேரமோ?

நிக்கலஸ்: பெரிய முகம்.

டோறின்: இஞ்ச வாங்கோ கிட்ட. முழுக்க நனைஞ்சு போனியள். இந்தாங்கோ, என்ர சால்வையைக் கழுத்திலை சுத்துங்கோ... நேர்த்தி எப்ப வரைக்கும்?

நிக்கலஸ்: உமக்கு இனி ஒண்டுமில்லை எண்டு டொக்டர் சொல்லி நான் கேக்கும் மட்டும்.

டோறின்: டொக்டர்தான் சொல்ல வேணுமோ? நேர்ஸ் சொன்னாக் காணாதோ?

நிக்கலஸ்: ஆர் சொன்னாலும் காணும். மாதா அதுக்கெல்லாம் சண்டைக்கு வரமாட்டா. ஏன் கேக்கிறீர்?

டோறின்: சும்மா கேட்டன்.

நிக்கலஸ்: சரி. இனி எல்லாம் தெரிஞ்சிட்டுதுதானே. இதை விடுவம். திங்களோ செவ்வாயோ ரிசல்ற் வரட்டும். வந்தா, அடுத்ததாப் பிடிக்கிற மீன் திமிங்கிலமா இருந்தாலும் நானே பொரிச்சுத் தின்னுறன். முள்ளும் மிஞ்சாது.

டோறின்: இல்லை. அந்தச் சின்னக் கட்டையை எடுத்துத் தாங்கோ. மீனை வதைக்காமல் முடிப்பம்.

நிக்கலஸ்: டோறின், மாதாவோட விளையாடாதையும்!

டோறின்: நான் விளையாடேல்லை.

நிக்கலஸ்: நான் வாக்குக் குடுத்தனான்.

டோறின்: நீங்கள் வாக்குத் தவற வேண்டாம்.

நிக்கலஸ்: தவறாமல் எப்பிடி இதைத் தின்னுறது? ரிசல்ற் வரேல்லையே... டோறின்? என்னைப் பாரும். ஏன் சிரிக்கிறீர்? கண்ணாலை தண்ணி வேற ஓடுது... சிரிக்கிறீரோ, அழுறீரோ? ரெண்டிலை ஒண்டைச் செய்யுமப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு!

டோறின்: நேற்றுப் பின்னேரமே நேர்ஸ் எடுத்தவ அப்பா... ஒண்டுமில்லையாம், ஒரு இடத்திலையும் ஒண்டுமில்லையாம். நீங்கள் வேலையால வரேக்க நான் நித்திரையே இல்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தனான். சொன்னா உங்கட சனிக்கிழமையளை டிப்போக்காறன் எடுத்திடுவான்... அதுக்கு முதல் எனக்கு உங்களோட இன்னும் ஒரு சனிக்கிழமை வேணுமாயிருந்தது.